காய்ந்த புல்லில் பூஞ்சாணக்கொல்லி: தண்ணீர் வழியா, தெளிப்பு வழியா?

மண்வெட்டி:
என் தீவனப் பயிரான குதிரைமசாலுக்கு நான் மருந்தே அடிப்பதில்லை. ஆனால் மேட்டு வயல்காரர் டெபுகோனசோல் என்ற பூஞ்சாணக்கொல்லியை அடிக்கிறார், அவர் வடிகால் என் பாசனக் குட்டையில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த புல்லைத்தான் காயவைத்து மாட்டுக்குப் போடுகிறேன். காய்ந்தால் நஞ்சு நாலு மடங்கு ஆகிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். நிஜமா?

கணக்குப்பிள்ளை:
பாதி நிஜம். பச்சைப் புல்லில் 80 சதவீதம் தண்ணீர், காய்ந்ததில் 15தான். மருந்து சிதையவில்லை என்று வைத்தால் கிலோவுக்கு நாலு மடங்கு கூடும். ஆனால் பச்சையாக 60 கிலோ தின்னும் மாடு, காய்ந்ததில் 14 கிலோவோடு நிறுத்திக்கொள்ளும். வயிற்றுக்குள் போவது அதே அளவுதான்.
தண்ணீருக்கு வருவோம். ஹெக்டேருக்கு 50 மி.மீ. பாய்ச்சினால் 5 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தால் மொத்தமே அரை கிராம். நேரடியாகத் தெளிப்பவர் 125, 250 கிராம் என்று அடிக்கிறார். அப்படி நேரடியாக அடித்திருக்கக்கூடிய, விலைக்கு வாங்கும் புல்லைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கடைமடை:
அந்த 1 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்தது சார்? நீங்களாக வைத்துக்கொண்டதுதானே! மருந்து அடித்த மறுநாள் மழை கொட்டினால் முதலில் வடிவது அதைவிடப் பல மடங்கு இருக்கும். அப்புறம் பாட்டிலைக் குட்டையிலேயே அலசும் புண்ணியவான்கள். அடியில் ஒட்டிய 25 சதவீத மருந்து 10 மில்லி என்றால் 2.5 கிராம் டெபுகோனசோல். ஆயிரம் கன மீட்டர் குட்டைக்கு அது ஒன்றே லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் குடிநீரில் ஒரு மருந்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். மாடும் அதைத்தானே குடிக்கிறது?

கணக்குப்பிள்ளை:
குட்டையில் அலசுவது தப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரை மாடு 40 லிட்டர் குடித்தாலும் 0.1 மில்லிகிராம்தான். காத்திருப்பு நாள் (மருந்து அடித்த பின் அறுவடைக்கு விட வேண்டிய இடைவெளி) முடியும் முன் அறுத்து, கிலோவுக்கு 1 மில்லிகிராம் நிற்கும் காய்ந்த புல்லை 14 கிலோ தின்றால் 14 மில்லிகிராம். எது பெரிசு?

கடைமடை:
ஒரே மருந்தை வைத்தே பேசுகிறீர்கள். மேங்கோசெப் என்று இன்னொரு பூஞ்சாணக்கொல்லி, தண்ணீரில் ஓரிரு நாளில் சிதைந்துவிடும், சோதனையில் சிக்காது. சிதைந்து வரும் எத்திலீன்தயோயூரியா தைராய்டைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மேங்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது சும்மா இல்லை.

போர்க்காவல்:
நடுவில் வருகிறேன். மருந்தே இல்லாவிட்டால் காய்ந்த புல் கட்டுகளில் பூசணம் பிடிக்காதா?

கணக்குப்பிள்ளை:
அது வேறு கதை சகோ. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டினால், வயலில் எதை அடித்திருந்தாலும் பூசணம் பூக்கும். காயவிட்டுக் கட்டுங்கள்.

மண்வெட்டி:
இதையெல்லாம் படித்துவிட்டுக் காலையில் குட்டைப் பக்கம் போனேன். கரையில் மூன்று காலி பாட்டில், ஒன்றின் அடியில் இன்னும் கெட்டியாக ஒட்டியிருந்தது. இப்போதைக்கு மதகை மூடிவிட்டேன். மேட்டு வயல்காரரிடம் பேச்சை எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அவர் என் மாமனார்.