பாசிவ் வாய்ஸ் கைடில் வருகிறது, ரிப்போர்ட்டில் வர மாட்டேன் என்கிறது

பேர்ணாம்பட்டு பையன்:

வயது 31. ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். தமிழ் மீடியம். எந்த டிரம்மில் எவ்வளவு தோல், என்ன வேலை முடிந்தது என்று தினமும் சாயங்காலம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மெயில் போட வேண்டும். வெளிநாட்டு பையர்களும் அதைப் பார்ப்பார்கள். நான் "வீ சோக்ட் தி ஸ்கின்ஸ், வீ ஆடட் லைம்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். மேனேஜர் "என்னப்பா இது, பக்கம் முழுக்க வீ வீன்னு? பாசிவ்ல எழுது" என்று திருப்பி அனுப்பினார். சரி என்று கண்ணில் பட்ட வினைக்கெல்லாம் 'வாஸ்' போட்டேன். "ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் நியர் டிரம் த்ரீ" என்று எழுதிய அன்று ஆபீஸே சிரித்தது.

தம்பியின் பத்தாம் வகுப்பு கைடை எடுத்து இரண்டு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். "ராமா கில்ட் ராவணா" என்று கொடுத்தால் தூக்கத்தில்கூட "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்பேன். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் மட்டும் முதலில் ஆக்டிவில் எழுதி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். எட்டரை மணி பஸ் போய்விடுகிறது. நேராகப் பாசிவிலேயே எழுதப் பழகுவது எப்படி?

காட்பாடி ஜங்ஷன்:

'பி' வெர்ப் (இஸ், ஆர், வாஸ் மாதிரி) ப்ளஸ் வி3, அதாவது வினையின் மூன்றாவது வடிவம். அவ்வளவுதான் ப்ரோ. டேபிளை மனப்பாடம் பண்ணுங்க.

பழைய சாக்பீஸ்:

தம்பி, டேபிள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறதே.

நான் குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளிகளில் 29 வருஷம் ஆங்கிலம் எடுத்தவள். அந்த ராமன் ராவணன் வாக்கியத்தை நானும் எழுதிப் போட்டிருக்கிறேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. செய்வினை, செயப்பாட்டுவினை என்று போர்டில் எழுதினாலே கடைசி பெஞ்சில் கிசுகிசுப்பு ஆரம்பித்துவிடும். செய்வினை என்றால் அவர்களுக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும்தான்.

அந்தப் பயிற்சியில் கோளாறு எங்கே என்றால், செய்தவன் பேரைக் கொடுத்துவிட்டு, அவனைக் கடைசிக்குத் தள்ளி 'பை' போடச் சொல்கிறோம். நிஜத்தில் பாசிவில் எழுதுகிறவர் பெரும்பாலும் செய்தவனைச் சொல்லவே மாட்டார். யாரென்று தெரியாது, தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதே இடத்தில் நாம் வாயால் எப்படிச் சொல்கிறோம்? "கரண்ட்டை நிறுத்திட்டாங்க." "ரோட்டைத் தோண்டுறாங்க." யாருங்க அந்த 'ஆங்க'? யாரும் கேட்பதில்லை. ஆள் இல்லாத இந்த 'ஆங்க'வைத்தான் ஆங்கிலத்தில் பாசிவாக எழுதுகிறார்கள். 'நிறுத்தப்பட்டது', 'தோண்டப்படுகிறது' என்று 'படு' போட்டு யோசிக்காதீர்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, உங்களுக்கு இரட்டை வேலைதான் மிச்சம். தோண்டுறாங்க என்றால் 'இஸ் பீயிங் டக்'. நேத்து தோண்டினாங்க, 'வாஸ் டக்'. தோண்டிட்டாங்க, 'ஹேஸ் பீன் டக்'. வருஷா வருஷம் தோண்டுவாங்க, 'இஸ் டக் எவ்ரி இயர்'. காலமும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள்.

அந்த 'வாஸ் ஹேப்பன்ட்' விஷயம். "தோலை ஊற வச்சாங்க" என்பதில் 'ஐ' உருபு இருக்கிறது, அதனால் பாசிவ் ஆகும். "விபத்தை நடந்தாங்க" என்று சொல்ல வாய் வருமா? வராது. 'அரைவ்', 'டை', 'கம்' எல்லாம் அதே ரகம். அவற்றுக்குப் பாசிவ் கிடையாது. "ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்" என்று விட்டுவிடுங்கள்.

கைடை மூடி வையுங்கள். ஒரே ஒரு ஆட்டுத்தோல் கேட்டுக்குள் வந்ததிலிருந்து லாரி ஏறும் வரை அதை என்னென்ன செய்யறாங்க என்று பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் தமிழில், அடுத்த மூச்சில் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வாக்கியமும் 'தி ஹைட்' என்றே ஆரம்பிக்கட்டும். எழுதிப் போடுங்கள், பார்க்கிறேன்.

நைட் டியூட்டி:

டீச்சர், 'ஐ' மட்டும் இல்லை, 'கு'வும் வரும். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். "பேஷண்டுக்கு ஊசி போட்டாங்க" என்பதை "தி பேஷண்ட் வாஸ் கிவன் ஆன் இன்ஜெக்‌ஷன்" என்று எழுதலாம். சேர்ந்த புதிதில் "டு தி பேஷண்ட் இன்ஜெக்‌ஷன் வாஸ் கிவன்" என்று எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். யார் போட்டது என்பது எங்களுக்கு ரொம்ப முக்கியம். அது வாக்கியத்தில் இருக்காது, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் இருக்கும்.

கோட்டை மைதானம்:

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். 1806 ஜூலை 10 வேலூர் புரட்சியை ஆங்கிலத்தில் படித்தால் "எ நியூ டர்பன் வாஸ் இன்ட்ரடியூஸ்ட்" என்கிற மாதிரி வாக்கியம் வரும். தலைப்பாகை தானாகப் பறந்து வந்து சிப்பாய் தலையில் உட்கார்ந்ததா? அதைக் கொண்டுவந்தது சென்னை ராணுவத்தின் தளபதி ஜான் கிரடாக். பரீட்சையில் அவர் பேரைத்தான் கேட்பான். பேர்ணாம்பட்டு நண்பரே, தோல் ரிப்போர்ட்டுக்குப் பாசிவ் சரி. டிரம் த்ரீ விபத்தையும் பாசிவில் எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பேர்ணாம்பட்டு பையன்:

விபத்து பெரிதில்லை, சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது. கவிழ்த்தவன் நானேதான்.

நாலு நாள் சொல்லிப் பார்த்து எழுதியது இது. டீச்சர், ஆட்டுத்தோலை நாங்கள் 'ஸ்கின்' என்போம். மாடு, எருமைத் தோல்தான் 'ஹைட்'.

"தி சால்டட் ஸ்கின்ஸ் ஆர் சோக்ட் இன் வாட்டர். தென் தே ஆர் லைம்ட் அண்ட் தி ஹேர் இஸ் ரிமூவ்ட். தி ஃபிளெஷ் இஸ் கட் ஆஃப் பை மெஷின். தே ஆர் பிக்கில்ட் வித் ஆசிட் அண்ட் சால்ட். ஆஃப்டர் தட் தே ஆர் டேன்ட் வித் குரோம் அண்ட் தே ஆர் பிகம் ப்ளூ."

பழைய சாக்பீஸ்:

ஸ்கின், ஹைட் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன். 29 வருஷத்தில் யாரும் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தில் 'ஆர் பிகம்' இருக்கிறதே, அதற்கு 'ஐ' போட்டுப் பாருங்கள்.

பேர்ணாம்பட்டு பையன்:

"தோலை நீலமானாங்க." வாய் வரவில்லை டீச்சர். "தே பிகம் ப்ளூ" என்று மாற்றிவிட்டேன். இன்று எட்டரை பஸ் கிடைத்தது, அதிலிருந்துதான் இதை டைப் செய்கிறேன்.