பொதிகை ஏறப் போகிறேன்: என் முதுகுக்கு ஏற்ற பை எது?

ஆற்றங்கரைக்காரி (அம்பாசமுத்திரம்):

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே பொதிகை தெரியும். மழை ஓய்ந்த காலையில் அதன் உச்சிக் கூம்பு தனியாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் நிற்கும். எனக்கு 48 வயது. இத்தனை வருடமும் கீழே நின்றுதான் கும்பிட்டிருக்கிறேன். மலையேறும் வழி கேரளப் பக்கம். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் ஏறலாம் என்று தீர்ப்பளித்து, அதன்பின் 2019 ஜனவரியில் முதலாவதாக ஒரு பெண் உச்சிக்குப் போய் வந்த செய்தியைப் படித்த அன்றே நானும் போவது என்று முடிவு செய்துவிட்டேன். மகள் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. அனுமதி கிடைத்தால் வரும் ஜனவரியில் கேரளத்துப் பொனக்காடு வழியாக மூன்று நாள் நடை.

கால் பழகிவிட்டது. ஐந்து மாதமாக வாரம் ஒரு முறை தோரணமலை முருகன் கோயில் ஏறுகிறேன். பிரச்சினை பை. உறவுக்காரப் பையன் ஒருவன் தன் 60 லிட்டர் பையை அன்போடு கொடுத்தான். வெறும் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்: 2 கிலோ 300 கிராம். போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களும் வைத்துக் கட்டி மலையேறினேன். பாதிப் படியிலேயே தோள் இரண்டும் எரிய ஆரம்பித்தன. இடுப்பு வாரை எவ்வளவு இறுக்கினாலும் அது வயிற்றில்தான் உட்காருகிறது, மூச்சு முட்டுகிறது. இறங்கும்போது இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்துப்பட்டை எலும்பின் மேல் சிவப்பாக இரண்டு விரல் அகலத்துக்குத் தடிப்பு.

இணையத்தில் 800 கிராம் எடையுள்ள பை ஒன்றைப் பார்த்தேன். பார்க்கவே காற்றுபோல் இருக்கிறது. அதை வாங்கினால் என் கஷ்டம் தீருமா? உயரம் 5 அடி, எடை 52 கிலோ. 5,000 ரூபாய்வரை செலவழிக்க முடியும். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த மலை எனக்கு முக்கியம்.

மலைநடையன் (கோயம்புத்தூர்):

அக்கா, முதலில் அந்தச் சுண்டுவிரலைக் கவனியுங்கள். தோள் வார் கழுத்தடியிலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையை அழுத்தினால் விரல் மரக்கும். ஒரு நாள் என்றால் தானாகச் சரியாகும். அதே பையோடு மூன்று நாள் நடந்தால் கையில் பலவீனம் வாரக்கணக்கில் தங்கிவிடக்கூடும். அந்தப் பையை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் பையின் எடையைப் பார்க்கிறீர்கள். நான் உங்கள் முதுகின் நீளத்தைக் கேட்கிறேன். 5 அடி உயரம் என்பது இதற்குப் போதாத தகவல். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், ஒருவருக்கு முதுகு நீளம். மகளிடம் தையல் டேப்பைக் கொடுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முடிச்சு துருத்தும். அங்கே தொடங்க வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் வரும்படி நில்லுங்கள். கட்டைவிரல்களை இணைக்கும் கோடு முதுகெலும்பில் எங்கே படுகிறதோ அதுவரை, முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்களுக்கான பையின் அளவு. உங்களுக்கு 40 சென்டிமீட்டர் பக்கம் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் 60 லிட்டர் பை உயரமான ஓர் ஆணுக்குத் தைத்ததுபோல் தெரிகிறது. தோளில் சரியாக மாட்டினால் இடுப்பு வார் கீழே சரியும். இடுப்பு வாரை மேலே இழுத்துக் கட்டினால் தோள் வார் தோளைவிட்டு எழும்பி நிற்கும். வயிற்றில் அது உட்காருவது இதனால்தான்.

சுமை தோளுக்குரியது அல்ல, இடுப்பெலும்புக்குரியது. 1950களில் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டகம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் அவரும் நண்பர் ஒருவரும் போன ஒரு நடையில், மரச் சட்டகத்தின் அடிமுனைகளைக் கால்சட்டையின் பின்பக்கப் பைகளில் செருகிக்கொண்டு நடந்து பார்த்தபோது தோள்பாரம் இடுப்புக்கு இறங்கியதை உணர்ந்தார்கள் என்று சொல்வார்கள். இன்று நாம் கட்டும் இடுப்பு வாருக்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. பொருந்திய பையில் சுமையின் பெரும்பகுதி, முக்கால் பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் இறங்கிவிடும். தோள் வார்கள் பையை முதுகோடு சேர்த்துப் பிடித்தால் போதும்.

இப்போது அந்த 800 கிராம் பை. அவ்வளவு இலேசான பைகளில் பெரும்பாலும் உள்ளே சட்டகம் இருக்காது; இடுப்பு வார் இருந்தாலும் வெறும் நாடாதான். தூங்கும் பையிலிருந்து கரண்டிவரை எல்லாவற்றையும் கிராம் கணக்கில் குறைத்தவர்களுக்கு அது பொருந்தும். ஏழெட்டு கிலோவைத் தாண்டினால் சட்டகமில்லாத பை சாக்குமூட்டைபோல் தொய்ந்து மொத்தப் பாரத்தையும் தோளில் இறக்கும். பையில் 400 கிராம் மிச்சப்படுத்தி முழுச் சுமையையும் தோளில் வாங்குவது எந்த வகையில் நியாயம்? உங்களுக்கு நான் சொல்வது 38 முதல் 42 லிட்டர், 1.2 கிலோவை ஒட்டிய எடை, உள்ளே ஒரு தகடோ அலுமினியக் கம்பியோ, முக்கியமாக முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதி. உங்கள் தொகைக்குள் கிடைக்கும்.

பையைக் கடைசியில் வாங்குங்கள். எடுத்துப்போகும் பொருள்களை முதலில் கட்டிலில் பரப்பி, எடை போட்டு, பாதியைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். உங்கள் உடல் எடைக்கு எல்லாம் சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

ஏழாம்மலை (ஈரோடு):

எதற்கு இவ்வளவு கணக்கு? நான் 19 வருடமாக வெள்ளியங்கிரி ஏறுகிறேன். பூண்டியில் ஒரு மூங்கில் தடி, தோளில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர், ஒரு போர்வை, கொஞ்சம் அவல். ஏழு மலையும் ஏறி இறங்கிவிடுவேன். சபரிமலைக்கு இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டுதானே போகிறோம்? சாமி மலைக்குப் போகிறவர்களுக்கு மனத்தில் பாரம் இல்லாவிட்டால் போதும் அம்மா.

மலைநடையன்:

அண்ணா, உங்கள் 19 வருடத்துக்கு வணக்கம். ஆனால் வெள்ளியங்கிரி ஒரே இரவில் ஏறி இறங்கும் மலை. இங்கே பொனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம்வரை முதல் நாள் மட்டுமே சுமார் 14 கிலோமீட்டர் காடு. இரண்டு இரவுக்குத் துணி, குளிருக்குப் போர்வை எல்லாம் வேண்டும். உங்கள் துணிப்பையில் இருந்தது மூன்று கிலோகூட இருக்காது. அதற்குச் சட்டகம் தேவையில்லை, உண்மைதான். இருமுடியை நீங்களே சொன்னீர்கள்: தலையில் வைத்தால் பாரம் நேராக முதுகெலும்பு வழியாக இறங்குகிறது. சுமை தூக்குகிறவர் சும்மாடு வைப்பதும் அதற்காகத்தான். எலும்பின் மேல் நிற்கும் பாரம் அவ்வளவு அசதி தராது; தசையில் தொங்கும் பாரம்தான் கொல்லும். நான் சொல்வதும் அதேதான்.

தேயிலைத்தளிர் (ஹட்டன்):

அந்தக் கடைசி வரி என்னை எழுத வைத்துவிட்டது. என் அம்மா 31 வருடம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தலையில் மடித்த துணி, அதன்மேல் கூடையின் கயிறு, முதுகில் கூடை. கயிற்றை ஒவ்வொரு பெண்ணும் தன் முதுகுக்கு ஏற்றபடி தானே முடிச்சுப் போட்டுக்கொள்வார். குட்டையாகக் கட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். நீளமாக விட்டால் ஒவ்வோர் அடிக்கும் கூடை இடுப்பில் இடிக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கு அம்மா முதல் நாள் செய்த உதவி அந்த முடிச்சை அவிழ்த்து இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டியதுதான். இன்னொருவரின் கூடையை யாரும் இரவல் வாங்க மாட்டார்கள். அக்கா, இரவல் பையோடு நீங்கள் பட்ட பாட்டைப் படித்ததும் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

நானும் இங்கே இலங்கையின் பெக்கோ நடைவழியில் சில பகுதிகள் நடந்திருக்கிறேன். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 பகுதிகள், மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். பெண்ணாக என் அனுபவத்தைச் சொல்கிறேன். கடையில் பெண்களுக்கென்று தைத்த பை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தோள் வார்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் மார்பின் ஓரமாக வளைந்தும் வரும். இடுப்பு வார் நம் இடுப்பின் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கும். நேரான வார் எனக்கு மார்பின் மேலேயே ஓடி அக்குளில் உரசி, இரண்டாம் நாள் தோல் வழன்றுவிட்டது. அந்த எரிச்சலோடு வியர்வையும் சேர்ந்தால் நடையில் வேறெதுவும் நினைவில் நிற்காது. மார்புக்குக் குறுக்கே வரும் சின்ன வாரை ஏற்றி இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்க வேண்டாம். ஏழு கிலோ எதையாவது உள்ளே வைத்துத் தரச் சொல்லி, மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஆற்றங்கரைக்காரி:

மகள் அளந்தாள்: 41 சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தும் அதேதான். இரவல் பையின் முதுகையும் அளந்தோம், 50. ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தை என் கழுத்தும் தோளும் சுமந்திருக்கின்றன.

கட்டிலில் பரப்பிய கதையையும் சொல்ல வேண்டும். நான்கு சேலை, இரண்டு துண்டு, ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் இருந்தன. தூக்குவாளி மட்டும் 600 கிராம். இப்போது இரண்டு சுடிதார், ஒரு கம்பளிச் சட்டை, தூங்கும் பை, மருந்து, டார்ச், தண்ணீர் என்று 6 கிலோ 100 கிராமில் நிற்கிறது. இன்னும் ஒரு சந்தேகம்: மழைக்கு வெளியுறை போதுமா? சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை விடமாட்டார்கள் என்கிறார்கள்.

மலைநடையன்:

வெளியுறை முதுகுப் பக்கத்தை மூடாது. முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால் தூங்கும் பையும் மாற்றுத் துணியும் நீர்புகாத துணியுறை ஒன்றுக்குள் போகட்டும். மடித்துச் சுருட்டி பக்கிள் போடும் வகை. மறுபடி மறுபடி பயன்படும், சாவடியிலும் கேள்வி வராது.

அடுக்கும்போது தூங்கும் பை அடியில். தண்ணீரும் சாப்பாடும் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில். பாரம் முதுகைவிட்டுத் தள்ளிப்போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். நீங்கள் குனிந்தே நடப்பீர்கள். மாட்டும் வரிசையும் முக்கியம்: எல்லா வாரையும் தளர்த்தி, இடுப்பு வாரை முதலில் எலும்பின் மேல் கட்டி இறுக்கி, பிறகு தோள் வார், பிறகு தோளின் உச்சியிலிருந்து பையின் தலைக்குப் போகும் சின்ன நாடா, கடைசியாக மார்பு வார். ஓடைகளைக் கடக்கும்போது இடுப்பு, மார்பு பக்கிள்களை அவிழ்த்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.

ஆற்றங்கரைக்காரி (பிப்ரவரி முதல் வாரம்):

போய் வந்துவிட்டேன். திருநெல்வேலியில் நான்கு பை மாட்டிப் பார்த்து, நான்காவதை வாங்கினேன்: 40 லிட்டர், 1 கிலோ 250 கிராம், முதுகு நீளத்தை ஐந்து படிகளில் மாற்றலாம். இரண்டாவது படி எனக்கு. கடைப் பையன் பொறுமையாக அரிசி மூட்டை கொண்டுவந்து உள்ளே வைத்துக் கொடுத்தான். இடுப்பு வாரை எலும்பின் மேல் கட்டி இறுக்கியதும் தோளுக்கும் வாருக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. அந்த ஒரு நிமிடத்தை மறக்க மாட்டேன். யாரோ பின்னால் நின்று பையைத் தாங்கிப் பிடித்ததுபோல் இருந்தது.

கரமனையாற்றிலும் வாழப்பைந்தியாற்றிலும் தண்ணீர் கணுக்காலளவுதான். இருந்தாலும் சொன்னபடி பக்கிள்களை அவிழ்த்துத்தான் கடந்தேன். ஏழுமடக்குத் தேரி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, கால் வலித்தது. தோளை ஒரு முறைகூட நினைக்கவில்லை. பெரிய பையை அதிருமலையில் வைத்துவிட்டு, மறுநாள் உச்சிக்கு ஒரு சின்ன மடிப்புப் பையில் தண்ணீரும் பழமும் மட்டும். பொங்காலப்பாறை தாண்டிக் கயிற்றைப் பிடித்து ஏறும் செங்குத்தில் முதுகில் பெரிய பை இருந்திருந்தால் பாறை பின்னால் தள்ளியிருக்கும். 1,868 மீட்டர் உச்சியில் காற்று நிற்கவிடவில்லை. அகத்தியர் முன்னால் உட்கார்ந்து கிழக்கே பார்த்தேன். பனிமூட்டம் விலகியபோது எங்கள் பக்கத்துச் சமவெளி தெரிந்தது. எங்கள் வீட்டு மாடி அதில் எங்கோ ஒரு புள்ளி.

ஹட்டன் தங்கைக்கு: பெண்கள் அளவுப் பைதான் வாங்கினேன். அக்குளில் ஒரு கீறல் இல்லை. உன் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. என் சித்தி மகள் அடுத்த வருடம் தானும் வருவதாகச் சொல்லி இந்தப் பையை இரவல் கேட்டாள். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு வா என்றேன். அவளுக்கு 44, மூன்றாவது படிக்கு ஏற்றி மாட்டிப் பார்த்தோம், இடுப்பெலும்பில் சரியாக உட்கார்ந்தது. கொடுத்தனுப்பிவிட்டேன்.