பெரிய வீட்டுக் குடும்பக் குழு: பஞ்சுவின் சிக்கு முடி

வள்ளி (காலை 7.10): அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஷிட்சூ நாய் பஞ்சுவுக்குக் கானாடுகாத்தான் வீடு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் கண்மாய்க் கரைக்குப் போய்வந்த பிறகு, காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் அக்குளிலும் முடி சடைபிடித்துக் கட்டியாகிவிட்டது. குளிப்பாட்டினால் சிக்கு இளகிவிடுமா, சித்தப்பா?

டாக்டர் சித்தப்பா (7.24): இளகாது அம்மா, இறுகத்தான் செய்யும். சிக்கு விழுந்த முடி நனைந்து காயும்போது இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்வதோடு, அடியில் தங்கும் ஈரத்தால் தோல் வெந்து புண்ணாகும். நம் ஊர் வெக்கையில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுவதும் உண்டு. ஆகவே முதலில் சிக்கெடுப்பு, பிறகுதான் குளியல்.

அப்பத்தா (7.31): ஆத்தா வள்ளி, நல்லெண்ணெய் தடவி ஊறவைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்தால் எந்தச் சிக்கும் விட்டுவிடும். உன் தலைமுடிக்கு அப்படித்தானே செய்தேன்?

டாக்டர் சித்தப்பா (7.40): ஆத்தா, வள்ளி எண்ணெயை நக்கமாட்டாள், பஞ்சு நக்கும். முற்றத்துத் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்தால் அதற்குத் துடைத்துக்கொள்ளவும் தெரியாது. நம் ஷாம்புவும் ஆகாது, ஏனென்றால் நாயின் தோலில் அமிலத்தன்மை மனிதத் தோலைவிடக் குறைவு. நாய்களுக்கென்று விற்கும் ஷாம்புவே போதும்.

வள்ளி (7.46): அப்படியானால் கட்டியைக் கத்தரித்து எடுத்துவிடட்டுமா?

டாக்டர் சித்தப்பா (8.02): கத்தரிக்கோலைச் சட்டென்று எடுக்காதே. கட்டியை இழுத்துப் பிடிக்கும்போது தோலும் சேர்ந்து எழும்பிவரும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும், அப்படிக் கிழிந்து வந்த நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். வேர்ப்பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரி. பிறகு அகலப் பல் சீப்பு, கடைசியாக நெருக்கப் பல் சீப்பு. எதற்கும் பிரியாத கட்டியானால், தோலுக்கும் கட்டிக்கும் நடுவே சீப்பைச் செருகி வைத்து, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டு.

இனி தினமும் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் சிக்கு வளர்ந்துகொண்டிருக்கும். முடியை வரிவரியாக ஒதுக்கி, தோல் கண்ணுக்குத் தெரியும்படி வேரிலிருந்து சீவ வேண்டும். கழுத்துப்பட்டைக்கு அடியில் பார்க்க மறந்துவிடாதே.

அழகு அண்ணன் (8.15): எங்கள் பொமரேனியனுக்குச் சித்திரை வெயிலை நினைத்து மொட்டையடித்துவிடலாம் என்றிருக்கிறேன். பஞ்சுவுக்கும் சேர்த்தே ஆளை வரச்சொல்லட்டுமா?

டாக்டர் சித்தப்பா (8.27): அழகு, உன் நாய்க்கு வேண்டாம். அதற்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. ஒட்டச் சிரைத்தால் சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கும், வெயிலும் நேரே தோலில் படும். உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்தாலே அதற்குக் காற்றோட்டம் கிடைக்கும். பஞ்சுவின் முடியோ வளர்ந்துகொண்டே போகும் வகை. ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிக்கலாம்.

வள்ளி (9.05): காதுக்கட்டி பிரிந்துவிட்டது. விரலிடுக்கில் நாயுருவி முட்களும் உண்ணி ஒன்றும் இருந்தன. அப்பத்தா மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

டாக்டர் சித்தப்பா (9.09): மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் புண்ணாகிவிடும். சிறு இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடு. உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தையே கெடுக்கும் நோய். பஞ்சு சோர்ந்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ உடனே எனக்குச் சொல். உண்ணி மருந்தை எடையைப் பார்த்துத்தான் தருவேன்.

அப்பத்தா (9.16): சரி, மண்ணெண்ணெயை உள்ளே வைத்துவிட்டேன். குளிப்பாட்டுவதை மட்டும் உள்முற்றத்து வளவில் வைத்துக்கொள்ளாதீர்கள்; ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஈரம் பட்டால் ஆளும் வழுக்கும், நாயும் வழுக்கும்.

டாக்டர் சித்தப்பா (9.22): ஆத்தா சொல்வது சரி. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில், வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள். மாதம் ஒருமுறை போதும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, பஞ்சுக்குச்சியும் விடக் கூடாது. துண்டால் ஒற்றியெடுத்து அடிமுடிவரை காயவைத்து, மறுபடி ஒருமுறை சீவிவிடு.

வள்ளி (9.30): அக்குள் கட்டி மட்டும் மிச்சம் இருக்கிறது, சித்தப்பா. பஞ்சு உறுமத் தொடங்கிவிட்டது.

டாக்டர் சித்தப்பா (9.33): அப்படியானால் இன்று அதோடு விட்டுவிடு. தேவகோட்டையிலிருந்து மாலை வரும்போது முடி வெட்டும் என் கிளிப்பரைக் கொண்டுவருகிறேன். குளியலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.