சீட் கொடுக்கும்போதே பணம் முடிவு செய்துவிட்டால் ஓட்டு எதற்கு?

பொருநைக்கரை:
எங்கள் ஊரில் கண்மாய் கரை உடைந்தாலும், யாருக்காவது ரேஷன் கார்டு கிடைக்காவிட்டாலும் முதல் ஆளாக ஓடுகிற ஒருவர் இருக்கிறார். இருபது வருடக் கட்சிக்காரர். சட்டசபைக்கு சீட் கேட்டு நேர்காணலுக்குப் போனவரிடம் முதல் கேள்வியே "எவ்வளவு செலவு செய்வீங்க?" என்பதுதான். சீட் கல்குவாரி முதலாளிக்குப் போனது. ஆளுக்கு ஒரு ஓட்டு, சரி. மெஷினில் யார் பெயர் வரும் என்பதைப் பணம் முடிவு செய்தால்? சட்டத்தில் இதற்கு வழியே இல்லையா?

குறிஞ்சி:
வழி இருக்கிறது, ஓட்டையோடு. சட்டசபை வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது, ஆனால் கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. அந்தப் பணம் வருகிற இடத்தைப் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம் என்று இருந்ததை 2017-ல் எடுத்துவிட்டு, கூடவே பேங்கில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கிற தேர்தல் பத்திரத்தையும் கொண்டுவந்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது ஓட்டுப் போடுகிற நமக்குத் தெரியாமல் இருந்தது. பத்திரம் 1,000 ரூபாய்க்கும் இருந்தது, ஆனால் விற்ற தொகையில் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. பத்திரம் மூலம் அதிகப் பணம் பெற்ற கட்சி பா.ஜ.க. அதிகப் பத்திரங்களைக் காசு கொடுத்து வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி கம்பெனி, 1,368 கோடிக்கு. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு. எந்தக் கட்சியையும் விட்டுவைத்துப் பேச முடியாது.

மல்லிகா:
ஜனங்கள் காசு வாங்குகிறார்கள் என்று பழி போடுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. எங்கள் வீட்டில் பூத் சிலிப்போடு மடித்த நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வந்தன, அம்மா அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள் கேஸ் சிலிண்டருக்கு எடுத்தார். கையில் காசில்லாத வீட்டில் அது நடக்கும். கொடுத்தவர் அதை டெண்டரில் எடுப்பாரே, அதை யார் கேட்பது? வேலூரில் 2019-ல் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து ஆகஸ்டில் நடத்தினார்கள், அதனால் பணம் கொடுப்பது நின்றுவிட்டதா?

பொருநைக்கரை:
நன்றி மல்லிகா அக்கா. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அதில் சீட் கிடைக்காத அந்தக் கட்சிக்காரரை நிறுத்தலாமா என்று தெருவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பதவியையே ஏலம் விடுகிற ஊர்களும் இருக்கின்றன, எங்கள் ஊரில் அதற்கு விட மாட்டோம். நோட்டீஸ் செலவுக்கு வீட்டுக்கு நூறு ரூபாய் கேட்கலாம் என்றிருக்கிறோம், கொடுத்தவர் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவோம்.