பழைய சிபியு, புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்: எது ஓடும், எங்கே மாட்டிக்கொள்ளும்

முதல் பதிவு

கம்பெனிகள் கழித்துவிட்ட லாட்டில் நிறைய வரும் பெட்டி டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. ஐ5-4590 பிராசசர் (இன்டெலின் 4ஆம் தலைமுறை), அதற்குள்ளேயே எச்டி 4600 கிராஃபிக்ஸ். பின்னால் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு விஜிஏ, எச்டிஎம்ஐ கிடையாது. இதில் 27 இன்ச் 2560×1440 (1440பி), 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினால் கிடைப்பது 120 ஹெர்ட்ஸ்.

இதற்கு கேபிளைக் குறை சொல்ல முடியாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 விநாடிக்கு 17.28 ஜிகாபிட் கடத்தும், 1440பி 144 ஹெர்ட்ஸுக்கு சுமார் 14.5 போதும். தடை சிப்புக்குள் இருக்கிறது. 4ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெலின் டிஸ்ப்ளே பகுதி ஓடும் உள் கடிகாரம் 540 மெகாஹெர்ட்ஸ். பிக்சல்கள் அதைத் தாண்டிய வேகத்தில் வெளியே வராது. பிளாங்கிங்கையும் (படத்தோடு கூடவே போகும், திரையில் தெரியாத இடைவெளி) சேர்த்தால் 144 ஹெர்ட்ஸுக்கு 604 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், 120க்கு 497. 4கே 60 ஹெர்ட்ஸ் 533 கேட்கும், அதனால் மயிரிழையில் தப்பிக்கும். அதே பெட்டி 4கே 60 ஓட்டும், 1440பி 144 ஓட்டாது என்று சொன்னால் கடைக்காரர்கூட நம்பமாட்டார்.

பட்டியலில் 120 தெரியவில்லை என்றால் இன்டெல் கிராஃபிக்ஸ் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் போய், டைமிங்கை சிவிடி-ஆர்பி (பிளாங்கிங்கைக் குறைத்த வகை) என்று வைத்துச் சேர்க்கவும்.

பதில்

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்புக்கு இதே கணக்கு பொருந்துமா?

பதில்

கணக்கு அதேதான், வரம்பு மட்டும் இன்னும் குறைவு. 3ஆம் தலைமுறை, அதாவது எச்டி 4000, எச்டிஎம்ஐ-யில் 225 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும். 1440பி 60 ஹெர்ட்ஸுக்கு 241.5 தேவை, எனவே வராது. 55 ஹெர்ட்ஸ் என்று கஸ்டம் ரெசல்யூஷன் போட்டால் 221க்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

4ஆம் தலைமுறையிலிருந்து வரம்பு 300. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 1440பி 60ஐ சாதாரண சிவிடி டைமிங்கில் போட்டால் 312 ஆகித் திரை கருப்பாகும், ஆர்பி போட்டால் 241.5தான். 75 ஹெர்ட்ஸுக்கு 304, அதுவும் கிடையாது. 70 போகும். 1080பி-யில் 120 ஹெர்ட்ஸ் 297, தாராளம். 4கே 30 ஹெர்ட்ஸும் 297தான், ஆனால் 30-இல் மவுஸ் இழுத்து இழுத்து வரும். சினிமா பார்க்க ஓகே, வேலை பார்க்க முடியாது.

10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வரைக்கும் இன்டெல் சிப்பில் நேரடியாக வருவது எச்டிஎம்ஐ 1.4தான். போர்டில் தனி மாற்றுச் சிப் வைத்திருந்தால் மட்டுமே 2.0. லேப்டாப் புதுசாத் தெரியுதேன்னு நம்பி 4கே மானிட்டர் வாங்காதீங்க. பக்கத்தில் மினி டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதில் மாட்டுங்கள்.

பதில்

அடாப்டரைப் பற்றி. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் விலை குறைந்த பாசிவ் (சிக்னலைத் தானே மாற்றாத) அடாப்டரில் முதல் வகை 165 மெகாஹெர்ட்ஸ்தான் தாங்கும், அதாவது 1080பி 60. இரண்டாம் வகை 300. 4கே 60 வேண்டுமானால் அட்டையில் "ஆக்டிவ், எச்டிஎம்ஐ 2.0" என்று இருக்க வேண்டும். எதிர்த்திசையில் இது வேலை செய்யாது. லேப்டாப் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் யுஎஸ்பி பவர் வாங்கும் வேறு கன்வெர்ட்டர் வேண்டும்.

யுஎஸ்பி-சி ஹப்பிலும் இதே சிக்கல். வேகமான யுஎஸ்பி-க்குப் பாதி லேன் (டேட்டா போகும் பாதை) போய்விடுவதால் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 லேப்டாப்பில் 4கே 30-க்கு மேல் ஏறாது.

பதில்

சிக்னல் வந்துவிட்டது, ஆனால் விண்டோவை இழுத்தால் திணறுகிறது என்றால் ரேம் ஸ்லாட்டைப் பாருங்கள். 4கே-யில் ஒரு ஃபிரேம் 33 எம்பி. திரைக்கு அனுப்ப மட்டுமே 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 2 ஜிபி. ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வரைய அதைப்போலப் பல மடங்கு. ஒரே ஒரு டிடிஆர்3-1600 ரேம் குச்சி தருவது விநாடிக்கு மொத்தமே 12.8 ஜிபி, அதில் பிராசசரும் பங்கு கேட்கும். 8 ஜிபி ஒரு குச்சியை விட 4 ஜிபி இரண்டு குச்சி மேல். இரண்டையும் வேறு வேறு சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தனித்தனிப் பாதை) போட வேண்டும்.

அடுத்தது யூடியூப். 1440பி-யும் அதற்கு மேலும் எச்.264-இல் கிடைக்காது, விபி9 அல்லது ஏவி1 (மூன்றும் வீடியோவைச் சுருக்கும் முறைகள்). விபி9-ஐ முழுசாக வன்பொருளிலேயே பிரிப்பது இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்துதான். 4ஆம் தலைமுறையில் பெரிய மானிட்டரைப் பார்த்ததும் யூடியூப் தானாக 2160பி எடுக்கும், ஃபேன் அலறும். 1080பி-க்கு இறக்கி, பிரவுசரில் எச்.264-ஐக் கட்டாயமாக்கும் எக்ஸ்டென்ஷன் போட்டால் அடங்கும்.

பதில்

டெஸ்க்டாப் என்றால் இத்தனை சர்க்கஸ் தேவையில்லை. என்விடியாவின் ஜிடி 1030 (30 வாட்) அல்லது செகண்ட் ஹேண்ட் குவாட்ரோ பி620 (40 வாட்) கிராஃபிக்ஸ் கார்டு போதும். இரண்டிலும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை) கிடைக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம், 9020-இன் எஸ்எஃப்எஃப் எனும் சின்னப் பெட்டியிலும் உட்காரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்பதால் 1440பி 144 முழுசாக வரும். ஜிடி 1030-இல் சில மாடல்களில் எச்டிஎம்ஐ, டிவிஐ மட்டும்தான், போர்ட்டைப் பார்த்து வாங்கவும். பி620-இல் நான்குமே மினி டிஸ்ப்ளேபோர்ட், கேபிளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜிடி 710 பக்கமே போக வேண்டாம், அதிலும் 4கே 30தான்.

கார்டு போட்டபின் விண்டோஸ் வரும்வரை திரை கருப்பாகவே இருந்தால் கார்டு செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை கார்டுகளில் (ஜிடி 1030, பி620 இரண்டும் பாஸ்கல்) டிஸ்ப்ளேபோர்ட் 1.4 மானிட்டரோடு இது தெரிந்த கோளாறு. அதற்கென்றே ஃபர்ம்வேர் அப்டேட் டூலை என்விடியா தளத்தில் வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டும்வரை மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.2 ஆக இறக்கினால் பயாஸ் திரை தெரியும். கேபிளை மதர்போர்டில் குத்திவிட்டு கார்டு வேலை செய்யலைன்னு சொல்ற கேஸும் உண்டு.

பதில்

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் "டெஸ்க்டாப் மோட்", "ஆக்டிவ் சிக்னல் மோட்" என்று இரண்டு வரி இருக்கும். இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். மேலே 1440, கீழே 1080 என்று இருந்தால் போவது 1080தான், எழுத்து மங்கலாகத் தெரிவது அதனால்தான்.