புதுப்பிப்பு: டொயொசாதோ பள்ளிக்குப் போய் வந்தேன்

கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய, அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன்) வந்த இடம் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பள்ளி மாணவிகளின் இசைக் குழுவைப் பற்றிய 'கே-ஆன்!' தொடரில் வரும் பள்ளிக்கு மாதிரியான டொயொசாதோ பள்ளியைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஹிகோனே வரை ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில், அப்புறம் ஓமி என்ற உள்ளூர் ரயிலுக்கு மாறி டொயொசாதோவில் இறங்க வேண்டும். கட்டடக் கலைஞர் வோரிஸ் வடிவமைத்து 1937-இல் கட்டிய பழைய தொடக்கப்பள்ளி இது. 2009-இல் வந்த தொடரில் பார்த்த அதே மாடிப்படிகள்! கைப்பிடி நெடுக வெண்கலத்தில் முயல் ஆமைக் கதை ஓடுகிறது. நடுவழியில் முயல் தூங்குகிறது, உச்சியில் ஆமை நிற்கிறது. அதைத் தடவிக்கொண்டே ஏறினேன், கண் கலங்கிவிட்டது. மேலே தொடரில் வரும் இசைக் குழுவின் அறை, மேசையில் தேநீர்க் கோப்பைகள்கூட இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர்த் தெருவில் 'குழந்தைகள் ஓடிவருவார்கள், கவனம்' என்று எச்சரிக்கும் பலகைகளிலும் 'கே-ஆன்!' கதாபாத்திரங்கள்தான்.

கடைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு: டோக்கியோவில் அனிமே கடைகளுக்குப் பேர்போன அகிஹபாரா பகுதியைவிட நகானோ பிராட்வேதான் எனக்குப் பிடித்தது. 1966-இல் திறந்த கடை வளாகம், பழைய மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) விற்கும் மண்டராகே கடை 1980-இல் தொடங்கியதும் இங்கேதான். பழைய மங்கா, பொம்மை, செல் ஓவியம் (அனிமே எடுக்க ஒளிபுகும் தாளில் கையால் வரைந்த படம்) எல்லாம் கிடைக்கும். மதியத்துக்கு மேல் போங்கள், காலையில் பல கடைகள் திறந்திருக்காது.