டேங்க் வெல்டிங் ரிஸ்க் அசெஸ்மென்ட்: குழுவில் யாரைச் சேர்ப்பது?

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் டேங்க்குக்குள் வெல்டிங் வேலை. ஸ்டிக் வெல்டிங் போய் ஆர்கான் வாயு பயன்படுத்தும் வெல்டிங் வந்திருப்பதால், 3 வருட மறுஆய்வுக் கெடு முடியும் முன்பே ரிஸ்க் அசெஸ்மென்ட்டை (அபாய மதிப்பீட்டை) மாற்ற வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம், வாசனை கிடையாது. அடியில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது.

பழைய படிவத்தில் மூச்சடைப்புக்கு விளைவின் தீவிரம் 5, நடக்கும் வாய்ப்பு 3, பெருக்கினால் 15. "மாஸ்க் போடவும்" என்று எழுதியதும் தீவிரத்தை 2 ஆக்கிவிட்டார்கள்! தூசி மாஸ்க் ஆக்சிஜன் தருமா என்ன? காற்றோட்டமும் கேஸ் மீட்டரும் வாய்ப்பைத்தான் குறைக்கும். மூச்சடைத்தால் விளைவு அதேதான்.

பிஸ்சேஃப் (bizSAFE, சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்புத் திட்டம்) லெவல் 2 பயிற்சி முடித்தவர் குழுத் தலைவர், ஆனால் அவருக்கு டேங்க் வேலை தெரியாது. வெல்டர், வாசலில் நிற்கும் அட்டெண்டன்ட், கேஸ் சோதிப்பவர் தவிர வேறு யாரைச் சேர்க்கலாம்? நம்ம தமிழ் ஊழியர்களிடம் அபாயங்களை எப்படிக் கேட்டு வாங்குகிறீர்கள்? மாதிரிக் கேள்விகள் இருந்தால் போடுங்களேன்.